பேராசிரியர் வீட்டுக் காற்று

"ஹலோ... யாரு?... ஹலோ, கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, இங்க டவர் சரியாக் கெடைக்கல... ஆமா, சிவரஞ்சனிதான் பேசறேன். நீங்க?..."

ஆண்டிமடத்துக்கு அந்தப் பக்கம், முந்திரித் தோப்புக்குள் இருந்த ஒரு வீட்டின் படுக்கையறையில் ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள் சிவரஞ்சனி. ஒரு காதில் போன். இன்னொரு கையில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதான கறுப்பு டப்பா. அதை விட்டத்துக் கொக்கியில் கட்டிவிட்டால் இந்த வீட்டு வேலை முடிந்தது. மூன்று மாதம் கழித்து அவிழ்த்துக்கொண்டு போய் உள்ளே இருக்கும் பிலிமைக் கழுவிப் பார்த்தால், இந்த அறையில் படுப்பவர்கள் எவ்வளவு ரேடானைச் சுவாசிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பாறையிலிருந்தும் மண்ணிலிருந்தும் கிளம்பி, தரை வெடிப்பு வழியாக வீட்டுக்குள் நுழைகிற வாயு அது. நிறம் கிடையாது, வாடை கிடையாது. சன்னலைச் சாத்திவிட்டால் உள்ளேயே தேங்கும். வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலுக்கு ஆகாது. பெரம்பலூர், அரியலூர் மாவட்ட ஜனங்கள் வீட்டுக்குள் இதை எவ்வளவு சுவாசிக்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் குழுவுக்கு அவள்தான் தலைவி.

"ஜெயப்பிரகாஷ் சாரா?"

ஸ்டூலிலிருந்து இறங்கினாள். டப்பாவைக் கட்டில் மேல் வைத்தாள். வீட்டுக்காரி சிந்தாமணி வாசலில் நின்று யாரென்று கண்ணால் கேட்டாள். சிவரஞ்சனி செருப்பை மாட்டிக்கொண்டு தோப்புக்குள் நடந்தாள். இந்த அழைப்புக்காக அவள் காத்திருந்தாள். எப்படியும் வரும் என்று தெரியும்.

"சொல்லுங்க சார்... நல்லா இருக்கேன். நீங்க எப்ப வந்தீங்க? பெங்களூர்ல மகன் வூட்டுல இருக்கறதா உங்க பொண்ணு சுவாதி சொல்லிச்சு... இன்னைக்குக் காலையிலயா... ம்... ம்... சார், சார், கத்தாமச் சொல்லுங்க... ஆமா, தரைய ஒடைக்கத்தான் செய்வாங்க. நான்தான் ஒடைக்கச் சொன்னேன்... ஆமா, நான்தான். கீழ் ரூம் மூலையில ஓட்டயப் போட்டு, பைப்ப எறக்கி, மொட்ட மாடிக்கு மேல வரைக்கும் கொண்டுபோயி ஒரு ஃபேன மாட்டணும். தரைக்கு அடியில தேங்குற காத்து வூட்டுக்குள்ள வராது, மேல போயிடும்... கிரானைட்டு போனாப் போவட்டும் சார். பச்சப்புள்ள படுக்கிற ரூம் அது..."

எதிர்முனையில் பேச்சு நீண்டது. சிவரஞ்சனி ஒரு தாழ்ந்த கிளையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். குரல் கொஞ்சம் கிழடு தட்டியிருந்தது. ஆனால் அதே குரல்தான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்தக் குரலின் கீழ்தான் அவள் ஆராய்ச்சி மாணவியாக இருந்தாள். செந்துறையிலிருந்து பஸ் ஏறி வருவாள். இதே மாதிரி டப்பாக்களைப் பை நிறையச் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போய்க் கட்டினாள். மற்ற ஊர்களில் எல்லாம் சாதாரண அளவுதான் வந்தது. பெரம்பலூரை அடுத்த பூங்குன்று நகரில் மட்டும் அளவு எகிறியது. அப்போதுதான் அங்கே மனை பிரித்து வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. குழியான நிலம். பக்கத்துக் கல் குவாரியில் கழித்துப்போட்ட சல்லியையும் தூளையும் லாரி லாரியாகக் கொட்டி மேடாக்கி, அதன் மேல் கட்டிய வீடுகள். மனை பிரித்து விற்றவர் செல்லப்பன், பேராசிரியரின் மனைவியுடைய தம்பி.

அந்த வீடுகளையெல்லாம் பேராசிரியர் கணக்கிலிருந்து தூக்கிவிட்டார். தூக்கியதோடு விடவில்லை. ஆராய்ச்சிக் குழு கூடியபோது, இந்தப் பெண்ணுக்குப் பிலிம் கழுவத் தெரியாது, வீட்டில் உட்கார்ந்துகொண்டு தானாக எண்களை எழுதியிருக்கிறாள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அவளுடைய ஆராய்ச்சிப் பதிவு ரத்தாயிற்று. அவளுடைய அப்பா செந்துறையிலிருந்து வந்து, கடலைக்காட்டு மண் ஒட்டிய காலோடு அவர் அறையில் நின்று கும்பிட்டார். உட்காரச் சொல்லக்கூடப் பேராசிரியருக்கு வாய் வரவில்லை. அப்பா பஸ்ஸில் திரும்பும்போது அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டார். நெசமாவே அளந்தியாம்மா? அந்தக் கேள்வியை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. அப்பாவை மன்னித்துவிட்டாள். அவரை அப்படிக் கேட்க வைத்த ஆளை மன்னிக்கவில்லை.

"...பேசி முடிச்சிட்டீங்களா சார்? இப்ப நான் சொல்றேன். உங்க வூட்ட நான் தேடிக் கண்டுபிடிக்கல. வூட்டு வரி லிஸ்ட்ட வச்சுக் கம்ப்யூட்டர் குலுக்கல் போட்டு எடுத்த வூடு. பொறுக்கி எடுத்தா அது கணக்கே இல்லன்னு பாடம் நடத்துனதே நீங்கதான்... ஆமா, சுவாதி சம்மதம் சொல்லிச்சு. நீங்க இருந்தா சொல்லியிருக்க மாட்டீங்கன்னு தெரியும்... இல்ல, நான் உங்க வூட்டுப் படியே ஏறல. பெட்டியக் கட்டினது அருள்முருகன், என்கூட வேலை பாக்குற தம்பி. கழட்டினதும் அவர்தான்."

இது உண்மைதான். குலுக்கலில், அதே பூங்குன்று நகரில் பேராசிரியர் பிறகு கட்டிக்கொண்ட வீட்டின் கதவு எண் வந்தபோது அவள் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றே தீர்மானித்துவிட்டாள், தன் கை அந்த வீட்டு டப்பாவில் படக்கூடாது என்று. நாளைக்கு அவர் வாயைத் திறந்தால் நுழைய ஒரு சந்துகூட இருக்கக்கூடாது. ஆனால் நடுவில் ஒருநாள் ஏலாக்குறிச்சியில் வீடுகளை முடித்துக்கொண்டு திரும்பும்போது கோயிலுக்குள் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். மாதாவிடம் என்ன கேட்டாள் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

கேட்டது கிடைத்தது. அந்த வீட்டு அளவு எகிறியிருந்தது. கிடைத்த பிறகுதான், அந்தக் கீழ் அறையில் சுவாதி கைக்குழந்தையோடு ஏசியைப் போட்டுக்கொண்டு, சன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கிறாள் என்று அருள்முருகன் சொன்னான். அப்போதே சுவாதிக்குப் போன் போட்டுக் குழந்தையை மாடிக்குத் தூக்கிப்போகச் சொல்லிவிட்டாள். பைப்பு போடும் ஆளையும் அவளே பார்த்து அனுப்பினாள். குழந்தையை வைத்துக் கணக்குத் தீர்க்கிற அளவுக்கு அவள் கெட்டுப்போகவில்லை. பாட்டனார் விஷயம் வேறு.

"எவ்வளவா? சுவாதி சொல்லலையா?... அறுநூத்தி நாப்பது... ஆமா சார், அறுநூறு. முந்நூறத் தாண்டினாலே கைகட்டிச் சும்மா இருக்கக்கூடாது... என்னது?... பிலிம் கெட்டிருக்கும்... சரி... புள்ளைங்க யாராச்சும் பெட்டியத் தொறந்திருப்பாங்க... சரி... கழுவத் தெரியாமக் கழுவியிருப்பீங்க..."

அவள் சிரித்துவிட்டாள். தோப்புக்குள் ஒரு மைனா பறந்தது.

"சார், பதினோரு வருஷத்துல வேற வசனமே கெடைக்கலையா உங்களுக்கு? இதையேதான அன்னைக்கும் சொன்னீங்க?... உங்க வூட்டுல மட்டும் ரெண்டு பெட்டி கட்டினோம். ஒண்ண நாங்க கழுவினோம். இன்னொண்ண சீல் வச்சு, பேரு ஊரு எதுவும் சொல்லாம வேற ஊரு லேபுக்கு அனுப்பினோம். அவங்களுக்கு வந்தது அறுநூத்தி அம்பத்தஞ்சு. எங்களோடதே உங்களுக்குக் கொஞ்சம் தயவு காட்டியிருக்கு."

எதிர்முனையில் மெதுவாக வேறு தொனியில் பேச்சு ஆரம்பித்தது. சிவரஞ்சனிக்கு அந்தத் தொனியும் பழக்கம்தான். பெரிய மனிதர்களிடம் அவர் பேசும் தொனி. அவளிடம் இதுவரை பேசியதில்லை.

"ம்... ம்... சொல்லுங்க... ரெண்டு மாவட்டத்துக்கும் பொதுவாத்தான அறிக்கை, ஒரு வூட்டுல என்ன வந்திடப்போவுதுன்னு கேக்கறீங்க... சரி... ரொம்ப ஒசந்து நிக்கிற வூட்டத் தனியா எடுத்து வச்சிடலாம்... சரி... செல்லப்பன் சாரு ரெண்டாவது பகுதி மனை விக்கிறாரா? அப்படியா, எனக்குத் தெரியாதே... என் பழைய ஆராய்ச்சியா? அத இப்ப யாரு சார் கேட்டா? நான் வேற ஊர்ல போயிப் படிச்சு முடிச்சிட்டேன்... இல்ல சார், எனக்கு ஒண்ணும் செய்ய வேணாம்."

அவள் கிளையை விட்டுவிட்டு மேலே நடந்தாள். உள்ளங்கையில் பிசின் ஒட்டியிருந்தது.

"ஒசந்த வூட்டையெல்லாம் தூக்கிட்டு மிச்சத்துக்குச் சராசரி போட்டா, அது ஜனங்களோட கணக்கு இல்ல சார், உங்க ஆசையோட கணக்கு. தாழ்ந்ததும் சேரணும், ஒசந்ததும் சேரணும். உங்க வூடும் சேரும். வேண்டிய வூட்டுக்கு ஒரு நியாயம், வேண்டாத வூட்டுக்கு ஒரு நியாயம்னு என்னால இருக்க முடியாது... வெள்ளைச்சாமி அண்ணன ஞாபகம் இருக்கா?... கண்டக்டரா இருந்தாரே, உங்க தெருவுல முதமுதல்ல வூடு கட்டினவரு. ஆமா, சம்பூர்ணம் அக்கா வூட்டுக்காரரு. அன்னைக்கு நீங்க தூக்கிப்போட்டதுல மொத வூடு அவரு வூடுதான்... எனக்கும் தெரியும், நுரையீரல்ல கேன்சர் வந்து போயிட்டாரு... பீடியா? அந்த மனுசன் பீடியத் தொட்டதில்ல சார். பஸ்ல எவனாவது பத்த வச்சாலே எறக்கி விட்டுடுவாரு..."

இந்த இடத்தில் அவர் என்ன கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். கேட்டார்.

"இல்ல. இந்தக் காத்தாலதான் செத்தாருன்னு நான் சொல்லல. சொல்லவும் முடியாது. லட்சம் பேருக்கு இத்தன பேருன்னுதான் நம்ம கணக்கு சொல்லும். எந்த ஆளுன்னு சொல்லாது. அது ஒண்ணுதான் சார் உங்களக் காப்பாத்துது. இல்லன்னா நான் உங்ககிட்ட இப்படிப் போன்ல பேசிக்கிட்டு நிக்கமாட்டேன்."

எத்தனையோ இரவு அவள் படுத்துக்கொண்டு மனசுக்குள் நடத்திய வழக்கு அது. ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் வந்துதான் தோற்றுப்போகும். வெள்ளைச்சாமியின் சாவை இந்த ஆள் கழுத்தில் மாலையாகப் போட அவளுக்கு ஆசை. அவள் படித்த படிப்பே அதைச் செய்ய விடவில்லை.

"...என்ன சொன்னீங்க? திருப்பிச் சொல்லுங்க சார்..."

அவள் நடையை நிறுத்தினாள்.

"தெரிஞ்சிருந்தா அங்க வூடு கட்டியிருக்க மாட்டீங்களா?... பொண்ணப் பிரசவத்துக்குக் கூட்டிட்டு வந்திருக்க மாட்டீங்க... ஆமா... ஆமா, அது வாஸ்தவம்... அப்ப... அப்ப நெசமாவே நான் தப்பா அளந்தேன்னுதான் நெனச்சீங்களா? மச்சானுக்காக மறைக்கல? நம்பித்தான் தூக்கிப்போட்டீங்க?... வேணாம், சத்தியமெல்லாம் பண்ணாதீங்க. நம்பறேன். அதுதான் சார் வெனையே, நான் நம்பறேன்."

பக்கத்து மரத்தடியில் அப்படியே குந்திவிட்டாள்.

இத்தனை வருஷமாக அவள் மனசுக்குள் ஒரு ராட்சசனை வளர்த்து வைத்திருந்தாள். அந்த ராட்சசனுக்கு எல்லாம் தெரியும். அவள் அளந்தது சத்தியம் என்று தெரியும். தெரிந்தே, மைத்துனனின் மனை வியாபாரத்துக்காக அவளைப் பொய்க்காரியாக்கினான். அவனை வெறுப்பதில் ஒரு சுகம் இருந்தது. ஏனென்றால் உலகத்தில் அவளுடைய எண்களை நம்பியவன் அவன் ஒருவனாவது இருந்தான். இப்போது அதுவும் இல்லை என்றாகிவிட்டது. அவருக்கு ஒன்றுமே தெரியாது. பஸ்ஸில் சாப்பாட்டு டப்பாவோடு வந்து இறங்குகிற செந்துறைக்காரப் பெண் என்னத்தை அளந்திருக்கப் போகிறாள் என்று நினைத்தார், அவ்வளவுதான். ஒரு தடவை, ஒரே ஒரு வீட்டில், தானே போய் இன்னொரு டப்பாவைக் கட்டிப் பார்க்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை. அந்த நினைப்பின் மேலேயே கடைக்கால் தோண்டி, கிரானைட் பதித்துக் குடியும் போய்விட்டார்.

மறைத்திருந்தால்கூடக் கோபம் இந்த அளவுக்கு ஏறியிருக்காது.

"சார், கேளுங்க. குறுக்க பேசாதீங்க. வர்ற ஞாயித்துக்கிழம உங்க நகர்ல கூட்டம் வச்சிருக்கோம். தெருக்காரங்களுக்கு விஷயத்த வெளக்கணும், என்ன செய்யணும்னு சொல்லணும். எந்த வூட்டுல எவ்வளவுன்னு நான் வாயத் தொறக்க மாட்டேன். அது எங்க கட்டுப்பாடு. உங்க பேரு என் வாயில வராது... நன்றியெல்லாம் அப்புறம் சொல்லுங்க, முழுசாக் கேளுங்க. உங்க வூட்டு மொட்ட மாடிக்கு மேல அந்தப் பைப்பு நிக்கும் சார். ஃபேனு சுத்தற சத்தம் ராவும் பகலும் கேக்கும். மனை பாக்க வர்றவன் அண்ணாந்து பாத்துட்டு அது என்னங்கன்னு கேப்பான். நீங்கதான் பதில் சொல்லணும். பேராசிரியரு, அதுவும் இதையே பாடம் நடத்தினவரு, உங்களவிட யாரு நல்லா வெளக்கப்போறா?... எடுத்துடுவீங்களா? எடுங்க. புள்ளையத் தூக்கிக்கிட்டு சுவாதி அன்னைக்கே புருசன் வூட்டுக்குப் போயிடும். என்கிட்ட சொல்லிடுச்சு."

முந்திரிச் சருகு மேல் ஏதோ ஊர்ந்தது. லைன் போய்விட்டதோ என்று அவள் போனைப் பார்த்தாள். போகவில்லை. மறுபடி காதில் வைத்தபோது குரல் மாறியிருந்தது. பெரிய மனிதர் தொனி, வாத்தியார் தொனி இரண்டுமே இல்லை.

"என்ன சார்?... கேக்கல... அம்மாவா?..."

அம்பிகா அம்மாள். பேராசிரியரின் மனைவி. அந்த வீடு கட்டி முடித்த நாளிலிருந்து அவளும் அந்தக் கீழ் அறையில்தான் படுக்கிறாள், முழங்கால் வலியால் மாடி ஏற முடியாமல். சிவரஞ்சனிக்குப் பழைய அம்பிகா அம்மாளைத் தெரியும். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வருகிற மாணவிக்கு இட்லி வைத்துக் கொடுத்தவள். ஆராய்ச்சிக் குழுவில் அவமானப்பட்ட மறுவாரம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தவளும் அவள்தான். சோறு போட்டவங்களுக்கே இப்படிப் பண்ணிட்டியேடி என்று கேட்டுவிட்டுப் போனாள். கணவர் சொன்னதை நம்பினாள். வேறு யாரை நம்புவாள்?

"அவங்களுக்கு எதும் ஆவுமான்னு கேக்கறீங்க... அதுக்கு என்கிட்ட பதில் இருக்கு. ஆனா உங்ககிட்ட சொல்லமாட்டேன். அம்மாகிட்ட குடுங்க... குடுங்க சார். நான் சொல்றத நீங்கதான் எந்தக் காலத்துலயும் நம்பறதில்லையே, நீங்க கேட்டு என்ன ஆவப்போவுது? அவங்ககிட்ட குடுங்க."

அவர் தயங்கியது தெரிந்தது. அறை மாறி நடப்பது தெரிந்தது. தரையைத் துளைக்கிற மிஷின் சத்தம் கிட்டே வந்து நின்றது.

"ஹலோ... அம்மா, நான் சிவரஞ்சனி... ஆமாம்மா, அதே சிவரஞ்சனிதான்... நல்லா இருக்கேம்மா. முட்டி வலி எப்படி இருக்கு?... ம்... அழாதீங்க... அம்மா, அழாதீங்க, நான் சொல்றதக் கேளுங்க. பயப்படுற மாதிரி இல்ல. இந்தக் காத்து பட்ட எல்லாருக்கும் நோவு வர்றதில்ல. பொகை பிடிக்கிறவங்களுக்குத்தான் ஆபத்து பல மடங்கு. நீங்க வெறகடுப்புகூட வச்சிக்கிட்டதில்ல... ஆமா... பட்டது பட்டதுதான், ஆனா இன்னையிலேர்ந்து கொறஞ்சிடுச்சுன்னா ஆபத்தும் ஏறாது. பைப்பு போட்டு முடியற வரைக்கும் கூடத்துல படுங்க, சன்னலத் தொறந்து வச்சுக்கங்க. இருமல் விடாம இருந்தா மட்டும் டாக்டர்கிட்ட காட்டுங்க... ஆமாம்மா, பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. கொஞ்ச மாசந்தான அங்க இருந்துச்சு..."

அவள் குரல் கனிந்திருந்தது. பொய் இல்லை, அத்தனையும் மனசாரச் சொன்னதுதான். அதோடு வைத்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைக்கவும் செய்தாள். அப்போதுதான் அம்பிகா அம்மாள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"எப்பலேர்ந்து தெரியும்னா... எனக்காம்மா?"

முந்திரி இலைகளுக்கு நடுவில் வெயில் கண்ணில் குத்தியது.

"நீங்க அங்க கடைக்கால் போடறதுக்கு முன்னாடியே தெரியும்மா... ஆமா, அதேதான். அந்தச் சர்வேதான். சம்பூர்ணம் அக்கா வூடு, அதுக்கு அடுத்த வூடு, எதுத்தாப்புல இருந்த வூடு, எல்லாத்துலயும் இப்படித்தான் வந்துச்சு... சொன்னேனே. சொல்லாம இருப்பேனா?... யாருகிட்டன்னா, சார்கிட்டதாம்மா. வேற யாருகிட்ட சொல்லுவேன்... இல்ல, நான் பொய் எழுதலம்மா. ஒரு எண்ணுகூடப் பொய் இல்ல. அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல உங்ககிட்ட சொல்ல வாயத் தொறந்தேன். நீங்க போயிட்டீங்க... அய்யோ, நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கறீங்க?... அது எனக்குத் தெரியாதும்மா. ஏன் திரும்ப அளந்து பாக்கலன்னு எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்துலதான நிக்கிறாரு, அவரையே கேளுங்க."

துளைக்கும் மிஷின் நின்றது.

"அம்மா?... இருக்கீங்களா?..."

இருந்தாள். ஆனால் போனில் இல்லை. போனைக் கையில் பிடித்தபடியே கணவர் பக்கம் திரும்பிவிட்டாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. நிதானமாக ஒரு கேள்வி. அதே கேள்வி மறுபடியும். அவர் ஏதோ முனகினார். அவள் அதை விடவில்லை. முனகலைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வி, அதற்கடுத்தது. முப்பத்தைந்து வருஷம் அந்த மனிதரைக் கேள்வி கேட்டே அறியாத ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள்.

கொஞ்சமாவது நாகரிகம் உள்ளவர்கள் அந்த இடத்தில் போனை வைத்திருப்பார்கள். சிவரஞ்சனி வைக்கவில்லை. மறுகாதைக் கையால் பொத்திக்கொண்டாள். வீட்டு வாசலிலிருந்து டீ ஆறுகிறது என்று சிந்தாமணி கூப்பிட்டதற்கு, வராதே என்று கையைக் காட்டினாள். அங்கே ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ தொப்பென்று உட்கார்ந்தார்கள். அது அம்பிகா அம்மாள் இல்லை. அவளுடைய குரல் நின்ற இடத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

பிறகு யாரோ போனைக் கவனித்திருக்க வேண்டும். பட்டென்று லைன் அறுந்தது.

சிவரஞ்சனி போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம் என்றிருந்தது.